மீதி முப்பத்தாறு

தெற்கு மலையின் அக்ரூட் காடு
ஒரு பழைய பேரேடாக என் மேசைக்கு வந்தது.
பதினேழு ஆண்டு, ஆண்டுக்கொரு வரி:
ஏப்ரலில் எத்தனை இரவு உறைபனி,
அக்டோபரில் எத்தனை டன் காய்.

முதலில் ஒன்றும் தெரியாதவளாக இருந்து பார்த்தேன்.
பனியைக் கேட்காமல்
எந்த ஆண்டைக் கேட்டாலும் சராசரியையே சொன்னேன்.
எத்தனை தப்பு!
ஒவ்வொரு தப்பையும் தன்னோடு பெருக்கிக்
கூட்டி வைத்தேன்.

பிறகு பனியைக் கேட்டுச் சொன்னேன்.
சரிந்து இறங்கியது ஒரு கோடு.
தப்புகள் சுருங்கின, தீரவில்லை.
முதல் கூட்டல் நூறு என்றால் இது முப்பத்தாறு.
குறைந்துபோன அறுபத்து நாலுக்குத்தான்
தீர்மானக் கெழு என்று பெயர்.
பெயர்தான் பெரிது. எதையும் அது தீர்மானிப்பதில்லை.
என் அறியாமையில் பனி எவ்வளவு தின்றது,
அவ்வளவுதான் சொல்லும்.

பிஷ்கெக்கின் மங்கலான மத்தியானத்தில்
ஜூமார்ட் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
“அறுபத்து நாலா? அமைச்சகம் தொண்ணூறு கேட்குமே.”
“தரலாமே. பேரேட்டின் ஓரத்தில்
காவலர் காகங்களை எண்ணி வைத்திருக்கிறார்,
அதைச் சேர்த்தால் ஏறும்.
ஆண்டுதோறும் நீ உடைத்த தேநீர்க் கோப்பைகளைச்
சேர்த்தாலும் ஏறும்.
ஏறத் தெரியும் இதற்கு, இறங்கத் தெரியாது.”

சிரித்தான். பிறகு விரல் வைத்தான்,
கோட்டுக்கு வெகு கீழே தனியே கிடந்த புள்ளியில்.
“இதை எடுத்துவிடு.”
எடுத்தேன். எண்பத்து மூன்று.
கை கூசியது. திரும்ப வைத்தேன்.

உறைபனியே இல்லாத ஆண்டு அது.
காய் எங்கே போயிற்று?
காவலர் சபிர்குலுக்குத் தொலைபேசினேன்.
காற்றின் இரைச்சலில் கத்தினார்:
“காயா இல்லை? கிளை முறியக் காய்த்தது!
செப்டம்பரில் மலை சரிந்து பாதையை மூடிற்று.
எடை போடுகிறவன் வரவே இல்லை.
பன்றிகள் தின்றன, நாங்கள் தின்றோம்,
பள்ளிப் பிள்ளைகளின் விரல்களில் தோல்கறை
புத்தாண்டு வரை போகவில்லை.”

மரம் காய்த்ததை அல்ல,
தராசு கண்டதைத்தான்
நான் இத்தனை நாளும் விளைச்சல் என்று படித்திருக்கிறேன்.

அறிக்கையில் அறுபத்து நாலு என்றே போட்டேன்.
அடிக்குறிப்பில், சின்ன எழுத்தில், ஒரு மலைச்சரிவு.
மீதி முப்பத்தாறில்
ஒரு வீட்டுக்கு மட்டும் முகவரி கிடைத்திருக்கிறது.

அடுத்த வாரம் தெற்கிலிருந்து பேருந்தில் ஒரு மூட்டை வந்தது.
எத்தனை கிலோ என்று கேட்காதீர்கள்.
வழியிலேயே பாதியை யாரோ தின்றிருந்தார்கள்.