ரூட்டுக்கு அனுமதி இல்லை

இரவு இரண்டு பத்து. குயிவஸ்து படகுத்துறை.
டிக்கெட் அறையின் ஹீட்டர்
என் இடது முழங்காலை மட்டும் சுடுகிறது.
வெளியே இருட்டில் பனிக்கட்டிகள்
ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் சத்தம்.
ஐந்து முப்பத்தைந்துக்கு முதல் படகு.
அதற்குள் இந்தப் பெட்டி
புது இயங்குதளத்துக்கு மாறியிருக்க வேண்டும்.

ரூட்டாக நுழைந்திருக்கிறேன்.
இந்தக் கணினியில் எனக்கு மேல் ஆள் கிடையாது.
எந்தக் கோப்பையும் அழிப்பேன்,
யாருடைய கணக்கையும் பூட்டுவேன்,
வட்டு மொத்தத்தையும் வெறுமையாக்க
ஒரு வரி போதும் எனக்கு.
மேம்படுத்தும் ஜன்னலைத் திற என்றேன்.

திரையைத் திறக்க முடியவில்லை.
அனுமதி தேவை.

மறுபடி அடித்தேன், கொஞ்சம் பலமாக,
விசைப்பலகைக்குக் காது மந்தம் என்பதுபோல.
அனுமதி தேவை.

திரை மைமுவுடையது.
சாயங்காலம் பூட்டிவிட்டுப் போனவள்
நான்கு கிலோமீட்டர் தள்ளித் தூங்குகிறாள்.
அமர்வு அவள் பெயரில்.
நாடே ஆண்டாலும்
அடுத்த வீட்டுச் சுவரில் ஆணியடிக்க
கேட்டுத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை.
அவள் கோப்புறைக்குள் புகுந்து
ரகசியச் சீட்டை நகலெடுத்து
நான்தான் மைமு என்று திரையிடம் நீட்டலாம்.
நம்பிவிடும். திரைகள் முகம் பார்ப்பதில்லை.
இல்லையென்றால் அவள் அமர்வைக் கொன்றுவிடலாம்.
தொழிலில் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம்,
கூச்சமே இல்லாமல்.
ஆனால் உள்ளே எதைத் திறந்துவைத்திருக்கிறாளோ.
பாதி எழுதிய ராஜினாமா.
யாருக்கோ ஒரு கடிதம்.

காவலுக்கு இருந்த அஹ்தோ
கறுப்பு ரொட்டியை மென்றபடி சொன்னார்:
"அவளையே கூப்பிடேன்."

வந்தாள்.
இரவு உடைக்கு மேல் கம்பளி மேலங்கி,
காலில் மகனுடைய பூட்ஸ்.
திட்டவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.
இடது கையால் மறைத்துக்கொண்டு
கடவுச்சொல்லை அடித்தாள்.
நான் சுவரில் தொங்கிய படகு அட்டவணையைப் படித்தேன்,
எல்லாவற்றையும் பார்க்க வல்லவன்.

பூட்டு திறந்தது.
கடிதம் இல்லை. ராஜினாமா இல்லை.
பச்சைப் பின்னணியில் பாதியில் நின்ற
ஒற்றையாள் சீட்டாட்டம்.

"இதோடு பதினோரு நாள், ஹெய்கோ.
இந்த ஒரு ஆட்டம் ஜெயிக்கும் போலிருக்கிறது.
கை வைக்காதே."

நான் சொல்லச் சொல்ல ஒரு வரி அடித்தாள்.
எக்ஸ்ஹோஸ்ட். ஒரு கூட்டல் குறி.
அதன்பின் உள்ளூர்ப் பயனர், பெயர் ரூட்.
கூட்டலோடு நிறுத்திவிடாதே,
யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றேன்.
"அப்படியானால் உன் பெயருக்கு
எழுத்து சரியாகச் சொல்."

என் ஜன்னல் திறந்தது,
அவளுடைய ஸ்பேட் ராணிக்குச் சற்று வலப்பக்கம்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தொகுப்புகள்.
ஒவ்வொன்றாக இறங்கின, விரிந்தன, பழையதை நீக்கின.
நான் அந்தப் பாதியைப் பார்த்தேன்,
அவள் இந்தப் பாதியில் ஆடினாள்.
ஒரே திரை.
இருவரும் பேசவில்லை.
அஹ்தோ மட்டும் ஒருமுறை,
டைமண்ட் ஏழை நகர்த்தலாமே என்றார்,
அவள் பார்த்த பார்வையில்
கெட்டிலை நிரப்பப் போய்விட்டார்.

நான்கு ஐம்பது. மறுதொடக்கம் தேவை.
"பொறு. இன்னும் மூன்று சீட்டு."

படகின் மேல்தளத்தில் விளக்குகள் எரிந்தன.
மீன் ஏற்றிய லாரி ஒன்று
வரிசையின் முதல் கோட்டில் வந்து நின்றது.
பொத்தான் மேல் விரலை வைத்தபடி
பொறுத்தேன்.

ஒன்று.
இரண்டு.
மூன்றாவதை வைக்க இடமில்லை.

"போச்சு," என்றாள், அவ்வளவுதான்.

எழுந்தவள் என்னவோ நினைத்து
மறுபடி உட்கார்ந்தாள்.
அதே வரி, கூட்டலுக்குப் பதில் கழித்தல்.
மறுதொடக்கத்தில் அது தானாகவே போய்விடும் என்றேன்.
தெரியும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு
என்டரை அழுத்தினாள்.