கச்சானுக்கு எதிரே

நாலே முக்காலுக்குக் கல்லடிப் பாலம்.
கீழே வாவி இன்னும் கறுப்பு.
தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்
என்னைப் பார்த்தார், பைசிக்கிளைப் பார்த்தார்,
கரியரில் கட்டியிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார்.
"எங்க புள்ள இந்நேரம்?"
"தம்பிலுவிலுக்கு."
சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார்.

ஐம்பதுக்கு இன்னும் மூன்று மாதம்.
கரும்பலகைக்கு முன்னால் நின்று நின்று
வீங்கிப்போன முழங்கால்.
பஸ்ஸில் போயிருக்கலாம்.
சொல்ல வேண்டிய வசனத்துக்கு
பஸ் ஓடும் நேரம் போதாது.

காத்தான்குடியில் தெரு நடுவே பேரீச்சை மரங்கள்.
சுபஹு தொழுது திரும்புகிறவர்கள்
மணி அடிக்காமலே வழி விட்டார்கள்.
ஆரையம்பதி, குருக்கள்மடம்,
பலகைகள் தாமாக வந்து தாமாகப் போயின.

களுவாஞ்சிகுடியில் முதல் தேத்தண்ணி.
அங்கே வசனத்தை ஒருமுறை முழுக்கச் சொல்லிப் பார்த்தேன்:
"காந்தி, அவர் போன அன்றைக்குப் பாதை மூடியிருக்கு என்று
எல்லாருக்கும் சொன்னேன், மூடியிருக்கவில்லை,
பயத்தில் நான்தான் வரவில்லை."
நீளம்.
கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது
மூச்சு வாங்க, 'பயத்தில்' விழுந்தது.
மறுகா, கல்முனை நெரிசலில்,
ஒரு ஓட்டோக்காரனை ஏசிவிட்டு
அதைப் பொறுக்கித் திரும்பவும் சேர்த்தேன்.

நிந்தவூர் தாண்ட இரண்டு பக்கமும் அறுத்த வயல்.
றோட்டோரம் படங்கு விரித்து நெல் காய்ந்தது,
நாலு மூலைக்கும் நாலு கல்.
கச்சான் கிளம்பிவிட்டது.
சோற்றுப் பானை மூடியைத் திறந்ததுபோல
மலைப்பக்கமிருந்து வந்து
முன்சில்லைப் பிடித்துக் கடற்பக்கம் தள்ளியது.
ஒலுவில் சந்தியில் ஒரு பொடியனிடம்
நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கினேன்.
முகத்தில் ஒரு கச்சான், வாயில் ஒரு கச்சான்.
இதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆளில்லை.
சிரித்தேன். தோல் புரையேறி
ஒரு கிலோமீற்றர் இருமினேன்.

அட்டாளைச்சேனை. பயிற்சிக் கலாசாலை மதில்.
இங்கேதான் மூன்று பேருக்கு ஒரு பைசிக்கிள்:
மஸாஹிறா உழக்குவாள், நான் முன்பாரில்,
காந்தி கரியரில். என்றைக்கும் கரியரில்தான்,
அவள் பழகவே இல்லை.
இறங்கவில்லை நான்.
இறங்கினால் கிறுகிவிடுவேன்.

தம்பட்டையில் பின்சில்லு உஸ் என்றது.

மிச்ச மூன்று கிலோமீற்றரும் உருட்டினேன்.
தார் செருப்போடு ஒட்டியது.
பள்ளிக்கூடம் விட்ட பெட்டைகள் மூன்று பேர்
சில்லைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள்.
அதில் ஒருத்தி மற்றவளின் பையையும் சுமந்திருந்தாள்.

கேற்றடியில் இரண்டு பேரும்.
மஸாஹிறா அக்கரைப்பற்றிலிருந்து முதலே வந்துவிட்டாள்,
கண்ணாடி போட்டிருந்தாள், பருத்திருந்தாள்.
கட்டிப்பிடிப்போம், அழுவோம் என்று
எழுபது கிலோமீற்றரும் நினைத்து வந்தவளை விட்டுவிட்டு
காந்தி குனிந்து பின்சில்லை அமுக்கினாள்.
"காத்தில்லயா கா?"

பதினாறு வருடத்துக்கு அவ்வளவுதான்.

வாளியில் தண்ணீர் வந்தது.
தேங்காய் துருவிய கையைக் கழுவாமலே
டயருக்குள் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினாள்.
நான் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தேன்.
மஸாஹிறா காற்றடித்தாள்.
முட்டை முட்டையாகக் குமிழி.
அந்தக் குமிழிக்குத்தான் சொன்னேன்,
முகம் பார்த்தல்ல:
"பாதை மூடல்ல, காந்தி."

காற்றடிப்பது நின்றது.
"தெரியும் கா," என்றாள்.
"அண்டைக்கு அந்தப் பாதையாலதான் அவரக் கொண்டு வந்த."
ரியூப்பை என் கையிலிருந்து வாங்கி
கொஞ்சம் திருப்பினாள்.
"இஞ்ச பார். இன்னொரு ஓட்டை."

சோறு, கீரிமீன் சொதி, இரண்டாம் தரமும் சோறு.
மஸாஹிறா தன் மருமகனைப் பற்றிப் பேசத் தொடங்கி
நிறுத்தவே இல்லை.
மேசைக்குக் கீழே என் கால்கள்
இன்னும் உழக்கிக்கொண்டிருந்தன.

பின்னேரம் வாசலில் ஒரு சத்தம்.
காந்தி ஸ்டாண்டை எடுத்துவிட்டு,
சீலையைச் சுருட்டிப் பிடித்தபடி
கரியரில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.
"கடலடி மட்டும் போவம்."
"ஒட்டு இன்னும் காயல்லயே."
"காயும். நீ உழக்கு."