மூன்றாவது ஈடு

முயல்மசால் விதைக்கு மேல்தோல் கெட்டி.
கொதித்த தண்ணீரை இறக்கி
ஆவி கொஞ்சம் அடங்கியபின் கொட்ட வேண்டும்,
நான்கே நிமிடம்.
அதற்குமேல் போனால் விதை இல்லை, சுண்டல்.
என்னிடம் சூடு பார்க்கும் கருவி கிடையாது.
ஏழரை மணி சீரியலில்
சோப்பு, நகைக்கடை, பற்பசை, மறுபடி நகைக்கடை,
விளம்பரம் முடிய நான்கு நிமிடம்.

முதல் ஈடு சரியாக வந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவது ஈட்டுக்குக் கரண்ட் போய்விட்டது.
தம்பி மாதேசன் டார்ச்சைத் தேடி வருவதற்குள்
தண்ணீர் ஆறி, கை பொறுக்கும் சூட்டில் கிடந்தது.
"கொட்டுக்கா, விதைக்கு என்ன தெரியப்போவுது."
கொட்டினேன்.

கொழுக்கட்டைப் புல்லுக்கு வேறு பாடு.
அதற்குப் பஞ்சு உடம்பு.
வீசினால் நம் காட்டில் விழாது,
பொட்டனேரி ரோட்டைத் தாண்டி
அடுத்தவன் சோளத்தில் போய் உட்காரும்.
அறுத்த சூட்டில் போட்டால் முளைக்காதென்று
தையிலிருந்து கோணியில் தூங்கவிட்ட விதை.
செம்மண்ணும் சாணியும் குழைத்து
பேருக்கேற்ற மாதிரி கொழுக்கட்டையாகவே உருட்டினோம்,
மிளகளவு.
இரண்டு நாள் விரல் நிமிரவில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்கள்.
தேடினேன். கிடைத்தது.
பதினெட்டுக்கு மறுநாள் மழை.
ஒன்றரை ஏக்கரில் தூவி
மேலே இருபத்திரண்டு ஆடுகளை ஒரு நடை ஓட்டினேன்.
குளம்பைவிட நல்ல உருளை கிடையாது;
நகக்கண் ஆழத்துக்குக் கீழே போன விதை
மேலே வந்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள்
காடு முழுக்கப் பச்சையாய் ஒரு தூசி.
போட்டோ எடுத்து அனுப்பினேன்.
ஆட்டுக்கடன் வாங்கிக்கொடுத்த குழுத்தலைவி செங்கமலம்
மூன்று கைதட்டல் போட்டாள்.

பிறகு மேல்காற்று.
முப்பத்தாறு நாள்.
கிழக்கே சேர்வராயன் மேல் மட்டும் மேகம் கட்டும்,
காபித் தோட்டங்களோடு இறங்கிவிடும்.
மேற்கே மேட்டூர் நிறைந்து
பதினாறு கண்ணிலும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
நடுவில் நாங்கள்.
பக்குவமாய் வெந்ததெல்லாம்,
கூப்பிட்டதும் எழுந்து வந்ததெல்லாம்,
முதலில் கருகின.
குடத்தில் மொண்டு ஊற்றிப் பார்த்தேன்.
ஒன்றரை ஏக்கருக்குக் குடம்.
பட்டம் என்றது புல்லுக்கும் சேர்த்துத்தானா,
யாரைப் போய்க் கேட்பது?

ஐப்பசி நான்காம் தேதி இரவு இடித்தது.
விடியும்வரை நின்று பெய்தது.
பத்து நாள் கழித்து
வேலியில் தழை ஒடிக்கப் போனவள்
கிழக்கு ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.
கயிற்றுக் கட்டில் அகலத்துக்கு, நீளமாய்,
மூன்று மூன்று இலையாய் முயல்மசால்.
மூன்றாவது ஈடு.
கரண்ட் போன ஈடு.
ஆடி மழை தட்டியபோது திறக்காமல்
தோலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்திருக்கிறது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றான் மாதேசன்.
அவன் அன்றைக்குச் சொன்னது வேறு.

மிச்சக் காட்டுக்கு மறுபடி விதை வாங்கினேன்.
இந்த முறை பாதியை விளம்பரக் கணக்கில் நனைத்தேன்,
பாதியைப் பச்சையாகவே கலந்தேன்.
எல்லாரையும் ஒரே மழைக்கு எழுப்பக் கூடாது.
செங்கமலத்துக்குப் போட்டோ அனுப்பவில்லை.

இப்போது தை.
புல் கதிர் தாங்கி நிற்கிறது.
முதல் விதை உதிரும்வரை படலைத் திறப்பதில்லை என்று
எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன்.
அந்தச் செவலைப் பெட்டை, மூன்று மாதச் சினை,
முள்ளுக்கிடையில் மூஞ்சியை நுழைத்து
ஒரே ஒரு கதிரை இழுத்துவிட்டது.
மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.
நான்
மேட்டூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.