பன்னிரண்டுக்கு ஒன்று

பார்வையாளருக்குச் சரிவுப் பாதை இருக்கிறது.
சக்கர நாற்காலிகளுக்கு இரண்டு இடம்,
கழிவறைக் கதவில் நீலப் படம்.
ஒப்பனை அறையிலிருந்து மேடைக்கு மட்டும்
மூன்று படி.

பார்க்க வருவேன் என்று நினைத்தவர்கள்
நடிக்க வருவேன் என்று நினைக்கவில்லை.

அரங்கேற்றம்.
உடைத்துப் பாருங்கள்,
சொல்லுக்குள்ளேயே படிக்கட்டு கிடக்கிறது.

"நாலு பேர் தூக்கிவிடுகிறோம் அக்கா" என்றான்
இயக்குநர் இளவெயினன். நல்லவன்தான்.
நாலு பேர் தூக்குவது சாமியை,
இல்லாவிட்டால் மண்டாய்க்குப் போகிறவரை.
நான் இரண்டும் இல்லை.
எனக்கு வசனமே இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

கைப்பேசியில் கணக்குப் போட்டேன்.
படி ஒன்று பதினைந்து சென்டிமீட்டர், மூன்றுக்கு நாற்பத்தைந்து.
பன்னிரண்டுக்கு ஒன்று சரிவென்றால்
ஐந்து மீட்டர் நாற்பது.
ரொஹானா அளவுநாடாவைப் பின்னால் இழுத்தாள்,
பாதியில் சுவர் வந்துவிட்டது.
முன்னால் இழுத்தாள்.
முதல் வரிசையில் ஆறு இருக்கை போகும்.

"அது நன்கொடையாளர்களுக்கு" என்றது ஒரு குரல்.
அப்புறம் கொஞ்ச நேரம்
குளிர்சாதனம் மட்டும் தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆறு இருக்கையும் போயின.
எப்படி என்று கேட்காதீர்கள்:
பதினேழு மின்னஞ்சல், கோப்பிக்கடையில் இரண்டு சண்டை.

வாடகைக்கு வந்த சரிவு கிறீச்சிட்டது.
விளக்கு வருமுன் ஏறிவிடுங்கள்,
யாருக்கும் கேட்காது என்றார்கள்.
கேட்கட்டும் என்றேன்.
என் பாத்திரம் வட்டிக்காரி செங்கமலம்.
கடன்பட்டவன் வீட்டுக்குள்
கிறீச் முதலில் வரும், நான் பிறகு.
இரண்டாம் இரவு அந்தச் சத்தம் கேட்டதும்
மூன்றாம் வரிசைப் பையன் ஒருவன்
அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.
அதற்காகத்தானே வந்தேன்.

எண்பது நிமிடம்
ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு
வெளியே வருகிறேன்,
பட்டுப்புடவை அம்மா ஒருவர்
என் இரு கைகளையும் பற்றிக் கண்கலங்குகிறார்.
"உன்னைப் பார்த்தாலே தெம்பு வருதும்மா."

நீங்கள் என்னைத் திட்டியிருக்க வேண்டும், அம்மா.
சாபம் விட்டிருக்க வேண்டும்.

147 வந்தது.
ஓட்டுநர் இறங்கி வந்து தகட்டை விரித்தார், டொக்.
கைதட்டவில்லை, கண்கலங்கவில்லை.
எங்கே இறங்கவேண்டும் என்று மட்டும் கேட்டார்.
ஹவ்காங் என்றேன்,
இன்னும் கழற்றாத செங்கமலத்தின் குரலில்.

கொஞ்சம் பயந்தார் என்று நினைக்கிறேன்.