காண்டாமிருக வண்டு

ஐந்து பிள்ளைகள், தபால்கார அப்பா,
மஞ்சள் சேலை அம்மா.
உப்புத் தீர்ந்தால் ஒரு பாட்டு, ஓடு ஒழுகினால் ஒரு பாட்டு.
எண்பத்தேழு கோடை முழுக்க
கானாடுகாத்தான் வளவில் அந்த ஒரே கேசட்.
வைரவனும் நானும் எத்தனை முறை பார்த்தோம் என்று
பக்கத்து வீட்டுச் சாலாதான் சுவரில் கரிக்கோடு போட்டாள்.
நாற்பத்தொன்று.

மூன்றாம் பாட்டு முடிந்ததும்
அந்த அம்மா ஒரு பெட்டியைத் திறப்பாள்.
திரை திரிந்த பாலாகக் கலங்கும்.
உடனே ஒரு மீசைக்காரர்
தென்னை மரத்தடியில் நின்று சொல்வார்:
"காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும்.
வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு,
மட்டை இடுக்கில் வையுங்கள்."
நாலு நிமிடம்.
மறுபடி கலங்கல், மறுபடி வீடு,
எல்லோரும் கைகோத்துப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.
வண்டு வந்தது, மருந்து வைத்தார்கள்,
மரம் பிழைத்தது, பாடுகிறார்கள்.
பள்ளி ஆண்டுவிழாவில்
புண்ணாக்கையும் சேர்த்துப் பாடி
மேடையிலேயே குட்டு வாங்கினோம்.

படைப்புக்கு ஈப்போவிலிருந்து வந்த வைரவன்
"முழுப்படமும் கெடைச்சிருச்சு" என்று
டிவியில் மாட்டினான்.
ஆத்தா முறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
தபால்காரர் மீசை ஒட்டுமீசை என்று இப்போது தெரிகிறது.
மூத்த பையனுக்கு ஒரு வரியிலும் வாய் பொருந்தவில்லை.
சிரித்தோம்.

மூன்றாம் பாட்டு.
பெட்டி திறந்தது. திரை கலங்கவில்லை.

இரண்டு சேலை மடித்து வைத்தாள்.
"எனக்கும் ஒரு தொண்டை இருந்துச்சு" என்றாள்,
யாரிடமும் இல்லை, பெட்டியிடம்.
பேருந்து நிலையம், சிமெண்டுப் பெஞ்சு.
ஒரு பஸ் வந்து போனது.
இன்னொன்று வந்தது, கண்டக்டர் இவளைப் பார்த்து
விசிலை உதட்டிலேயே வைத்திருந்தான்,
பிறகு ஊதினான்.
படம் முழுவதிலும்
இசையே இல்லாத இடம் இது ஒன்றுதான்.
இருட்டியபின் திரும்பி வந்தாள்.
அணைந்த அடுப்பருகே தபால்காரர்.
சுதி சேராமல் ஏதோ முனகத் தொடங்கினார்.
அதற்குப் பிறகுதான் எல்லோரும் கைகோத்தது.

வைரவன் என்னைப் பார்க்கவில்லை.
நான் கேசட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.
அதன் முதுகில் உடைத்துவிட்ட சதுரத்தின் மேல்
செல்லோடேப் ஒட்டியிருந்ததை,
அழிந்தது சரியாக அந்த நாலு நிமிடம் மட்டும் என்பதை.
அந்தக் கோடைக்கு முந்தின தையில்
அய்யாவுக்குக் கண் ஆபரேஷன் என்று
ஆத்தா தேவகோட்டையில் நாற்பது நாள் இருந்தாள்.
ஒரு டின் சீப்புச்சீடையோடு திரும்பினாள்.
அய்யா கடைசிவரை
கண்ணாடியில்லாமல் பேப்பர் படித்தவர்.

சிவப்புப் பொத்தான் எதுவென்று அப்பச்சிக்குத் தெரியும்.
ஆத்தாவுக்கும் தெரியும்.

"அந்த வண்டுக்காரவுகளைக் காணோமே"
என்றாள் ஆத்தா, முறத்திலிருந்து கண்ணெடுக்காமல்.
"வெளக்கமாச் சொல்லுவாக."
கண்ணில் நீர் இருந்தது; வெங்காயம் அரைப்படி.
கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன்.
"மோட்டாரை நிறுத்துடி, தொட்டி வழியுது."

ரெண்டாங்கட்டில் தண்ணீர் முற்றம் தாண்டி ஓடியிருந்தது.
சுவிட்சைத் தட்டியபின்தான் காதில் விழுந்தது:
நான் முனகிக்கொண்டிருக்கிறேன்,
புண்ணாக்கு ஒரு பங்கு,
மணல் இரண்டு பங்கு,
மூன்றாம் பாட்டின் மெட்டில்.
உள்ளேயிருந்து இன்னொரு குரலும்,
மெட்டுப் பிசகாமல்.