கீழ்வீட்டுத் தட்டு

விண்ட்சரில், வயண்டொட் தெருவில்,
முடிதிருத்தகம் ஒன்றை மூடியபோது
ஒன்பது டொலருக்கு ஒரு பெட்டி தந்தார்கள்.
உள்ளே நாற்பத்தொரு சின்ன இசைத்தட்டுகள்,
பவுடர் வாசம்,
யாரோ ஒருவரின் நரைத்த சுருள்மயிர்.
பிளேயர் பதினைந்து டொலர். அதற்கு மூடி இல்லை.

ஒரு தட்டில் பெயர்த்தாள் உரிந்திருந்தது.
பச்சை நிறம். மிஞ்சியது ‘லீ’ என்ற முடிவு மட்டும்.
ஊசியை வைத்தேன்.
ஓர் ஆண் பாடினான்,
நிலவறையிலிருந்து ஈரச் சாக்கு ஒன்றைப்
படிப்படியாக இழுத்து வருபவன் போல.
போ என்கிறான்.
பிறகு, கதவைச் சாத்தாதே என்கிறான்.
மற்றது எனக்கு விளங்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

சீட்பெல்ட் தொழிற்சாலையில் இரவு வேலை.
காலை ஏழரைக்கு வந்து
சப்பாத்தைக் கழற்றாமலே அவனைப் போடுவேன்.
மூன்றாம் நாள் தரை அதிர்ந்தது.
டக்.
கீழ்வீட்டில் யாரோ, தும்புத்தடியால்.
சத்தத்தைக் குறைத்தேன். டக்.
கம்பளம் வாங்கி விரித்தேன், இருபத்திரண்டு டொலர்.
டக், டக், டக்.
அந்தத் தட்டல் பாட்டுக்கு முன்னால் ஓடியது,
பள்ளிக்குப் பிந்திய பிள்ளையைக்
கையில் பிடித்து இழுப்பதுபோல.

முதல் பனி விழுந்த அன்று கதவடியில்
மின்கட்டண உறை, அதன் முதுகில் எழுத்து:
மேல்வீட்டாரே, அது பெண்.
வலப்பக்கம் ஒரு நெம்பு இருக்கும்,
நாற்பத்தைந்தில் வையுங்கள்.
இரண்டு மாதமாக அவளைக் கொல்கிறீர்கள்.
டானிட்டா ஷ்ரீவ்.

நெம்பைத் தள்ளினேன்.
பத்தொன்பது வயது இருக்கும்.
சாக்கு இல்லை.
வெறுங்காலோடு படியிறங்கி ஓடுகிறாள்,
அந்தப் போ-வில் ஒரு சிரிப்புக்கூட இருக்கிறது.
கீழே அமைதி.

டானிட்டா சுரங்கப் பேருந்து ஓட்டுகிறாள்.
ஆற்றுக்கு அடியால் டிட்ரொயிட், மறுபடி இக்கரை,
ஒரு நாளில் பதினாறு தடவை.
அவள் சமையலறை அலுமாரியில்
சாப்பாட்டுத் தட்டு இரண்டு, மற்றதெல்லாம் பாட்டுத் தட்டு.
ஃபங்க் ஒன்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்:
யாரும் எங்கேயும் போகலாம்,
ஒன்றுக்கு எல்லாரும் வீடு வந்துவிட வேண்டும்.
பேஸ் கிட்டார் சுவரைச் சுரண்டிக்கொண்டு போனது,
எக்காளங்கள் தெருவில் சண்டை பிடித்தன,
ஒன்றில் எல்லாரும் இருந்தார்கள்.
நாங்கள் இதைச் சமம் என்போம் என்றேன்.
யார் அந்தச் சாம் என்றாள்.

அதன் பிறகு கதவுக்குமிழில் பைகள் தொங்கின.
‘ப்ளூஸ். இரண்டாம் நிமிடத்தில் கீறல், பொறுத்துக்கொள்.’
‘முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம் கேள்.’
‘இதைப் பிரிந்து இருக்க முடியாது, வெள்ளிக்குள் தா.’
ஒருமுறை தட்டோடு அரைக் கேக்.
ஒருமுறை உறை மட்டும், தட்டு இல்லை,
அதைப்பற்றி இருவரும் இன்றுவரை பேசவில்லை.

ஆனால் அவனைத் தேடினேன்.
தாய் இல்லாதவன், பிறந்த தேதி இல்லாதவன்,
நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்றுக் குறைவில் மட்டும்
உயிரோடு இருந்தவன்.
உலகத்தில் அவனைக் கேட்டது நான் ஒருவன்தான்,
அவளும் கேட்டாள்,
ஆனால் பிழை என்றுதான் கேட்டாள்.
பச்சைத் தட்டைப் பையில் போட்டு எழுதினேன்:
முப்பத்துமூன்றில். ஒரே ஒருமுறை.

ஒன்பது நாள் பதில் இல்லை.

இன்று வேலையால் வந்து,
ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தேன்.
தரைக்குக் கீழிருந்து
சாக்கை இழுத்தபடி அவன் வந்தான்.
முடிந்தான். சிறிது கரகரப்பு.
அவள் மறுபடியும் அவனையே வைத்தாள்.

குதிகாலைத் தூக்கினேன்.
பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, மணி ஏழரை.
மெதுவாக இறக்கினேன்.