துறைமுகம் மூடல்

அன்று காலை வானொலியில் சொன்னார்கள்:
கெயோன் துறைமுகம் மூடல்,
சிறு படகு எதுவும் புறப்படக் கூடாது.
லாய்த்தெக் தீவில், என் அடுப்பங்கரையில்
நான் மண்டியிட்டுக் கிடந்தேன்.
வலி வயிற்றில் தொடங்கி
வலது தோளில் வந்து உட்கார்ந்திருந்தது.
உள்ளே கசியும் இரத்தம்
தோளில் வந்து பேசும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டு குளிர்காலம் முன்பே ஆரம்பித்தது.
சால்மன் ஆலையில்
எட்டு மணி நேரம் ஈரத்தில் நின்று முள் பிடுங்குவேன்.
அடிவயிறு கனத்தது. உள்ளாடையில் மஞ்சள் கறை.
எலியேசர் நெருங்கினால் உதட்டைக் கடித்துக்கொள்வேன்.
"குளிர்தான், யஸ்னா" என்றாள் மேற்பார்வை எர்மெலிண்டா,
"கம்பளி இரண்டாகப் போடு."
எங்கள் ஆலையில் எல்லாவற்றுக்கும் குளிர்தான் காரணம்,
இருமலுக்கு, மூட்டுக்கு,
ஓடிப்போன புருஷனுக்கு.
இரண்டாகப் போட்டேன்.
கிருமிக்குக் கதகதப்பாக இருந்திருக்கும்.

காய்ச்சல் ஏறிய பிறகுதான் சுகாதார நிலையம் போனேன்.
மருத்துவச்சி நயாரெத்தின் கையுறை விரல்
கருப்பை வாயை லேசாக அசைத்ததும்
கூரைத் தகரம் அதிரக் கத்தினேன்.
பதினாலு நாள் மாத்திரை, என்றாள்.
அவருக்கும் உண்டு, என்றாள்.
ஆறாம் நாள் வலி நின்றது.
மிச்சத்தை டீத்தூள் டப்பாவில் போட்டு மூடினேன்.
எலியேசர் மட்டி எடுக்க மூழ்குகிறவன்.
"எனக்கு எங்கே வலிக்கிறது?" என்றான்.
வலிக்கவில்லைதான். பொய் சொல்லத் தெரியாதவன்.

பிறகு மூன்று வாரம் தள்ளிப்போனது.
அந்தச் சந்தோஷத்தையும் யாருக்கும் சொல்லாமல்
அதே டப்பாவில் வைத்திருந்தேன்.

ஊசிக்கண் அளவு வழியாம் கருக்குழாய்.
பழைய தொற்று அதில் வடு போட்டிருக்கிறது.
வந்த கரு வடுவில் தட்டி,
இதுதான் வீடு போலிருக்கிறது என்று
அங்கேயே தங்கிவிட்டது.
பாவம், அதற்கு மட்டும் யார் வழி சொன்னார்கள்?

இரண்டு மணி நேரம் கழித்துக் கடற்படைப் படகு வந்தது.
அலை தூக்கிப் போட்ட ஒவ்வொரு முறையும்
ஒரு பையன் சிப்பாய் என் தலையைப் பிடித்துக்கொண்டான்.
காஸ்த்ரோ மருத்துவமனையில் கண் விழித்தபோது
வலதுபக்கக் குழாய் இல்லை.
எதை இழந்தேன் என்று சொல்ல
என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை.

மறுபடி சோதித்தார்கள். கிருமி அங்கேயேதான் இருந்தது.
எலியேசரின் மாத்திரைகளை
அவன் முக்குளிப்புக் கண்ணாடிக்குள் போட்டு வைத்தேன்.
விழுங்கும்வரை எதிரில் நிற்பேன்.
"நாக்கைக் காட்டு."
காட்டுவான். நாற்பது வயது மனிதன்,
பள்ளிப் பிள்ளை மாதிரி.
ஏழாம் நாள்
நான் கேட்காமலே காட்டினான்.
பிறகு வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வசந்தத்தில் புவெர்த்தோ மோன்த் போனோம்.
சாயம் ஏற்றிப் படம் எடுக்கிறார்கள்.
திரையில் கருப்பை வெள்ளையாக நிரம்பியது.
வலது பக்கம் வெறும் முடிச்சு.
இடது பக்கம் சாயம் கொஞ்ச தூரம் போய்
நின்றது.
"அசையாதீங்க" என்றாள் அந்தப் பெண்.
அடிவயிற்றை யாரோ முறுக்கினார்கள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்,
கடலில் படகுகள் போகின்றனவா என்று.
"இருங்க, இருங்க" என்றாள்,
திரைக்கு இன்னும் கிட்டே குனிந்து.